பெயரிட முடியாத பாடகன்: மைனா பேர்ட்ஸ் குழுவும் ஓர் எல்லைக்கோடும்

ராக் இசை வரலாற்று நூல்களில் மைனா பேர்ட்ஸ் என்னும் கனடியக் குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பத்திதான். நீல் யங்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதுபவர்கள் அதை அவருடைய இளமைக்கால விந்தைகளுள் ஒன்றாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். ரிக் ஜேம்ஸின் வரலாற்றை எழுதுபவர்களும் அவ்வாறே செய்வார்கள். ஒருவர் பின்னாளில் வட அமெரிக்க நாட்டார் ராக் இசையின் முதன்மைக் குரல்களுள் ஒருவரானார். மற்றவர் 1980களின் ஃபங்க் இசையில் பெரும் நட்சத்திரமானார். இவ்விருவரும் 1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரே குழுவில் இருந்தார்கள், டெட்ராயிட் நகரின் மோடவுன் நிறுவனத்திற்காகப் பாடல்களைப் பதிவுசெய்தார்கள் என்பது கேட்பவருக்கு வியப்பைத் தருகிறது. அந்த வியப்பிலேயே கதை முடிந்துவிடுவதுதான் சிக்கல். அக்குழு ஏன் டொராண்டோவில் தோன்றியது, ஏன் சில வாரங்களுக்குள் சிதறியது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே: அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலான எல்லைக்கோடு. எந்தப் பெயரோடு யார் அந்தக் கோட்டைக் கடந்தார்கள் என்பதைப் பின்தொடர்ந்தால், குழுவின் கதை துணுக்குச் செய்தியாக இராமல் வரலாறாகிறது.

முதலில் எல்லையைத் தெற்கிலிருந்து வடக்கே கடந்தவர். ஜேம்ஸ் ஆம்புரோஸ் ஜான்சன், 1948 பிப்ரவரி 1 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்த கறுப்பின இளைஞர். வயதைக் கூட்டிச் சொல்லி அமெரிக்கக் கடற்படையின் சேமப்படையில் சேர்ந்தார். கட்டாயப் படைச்சேர்ப்பிலிருந்து தப்புவதே அவர் நோக்கம் என்பார்கள். மாதாந்தரப் பயிற்சிகளுக்குச் செல்லாமல் இசைக்குழுக்களோடு திரிந்ததால் முழுநேரப் பணிக்கு அழைப்பு வந்தது. அக்காலத்தில் முழுநேரப் பணி என்பதன் பொருள் வியட்நாம். 1964இல் அவர் அனுமதியின்றிப் பணியிலிருந்து நீங்கி டொராண்டோவை அடைந்தார். பஃபலோவிலிருந்து ஒன்டாரியோ ஏரியின் மேற்குக் கரையைச் சுற்றிச் சென்றால் அது ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். தொலைவு அவ்வளவுதான், ஆனால் அந்தத் தொலைவில் ஒரு போர் முடிந்து வேறொரு நாடு தொடங்கியது.

கனடா வியட்நாம் போரில் படையினரை இறக்கவில்லை. 1954இல் இந்தோசீனாவுக்காக அமைக்கப்பட்ட பன்னாட்டுக் கண்காணிப்பு ஆணையத்தில் இந்தியா தலைமை வகிக்க, போலந்தும் கனடாவும் உறுப்பினராக இருந்தன. ஆயினும் படையை விட்டு நீங்கி வந்தவர்களைக் கனடா அந்நாளில் கைநீட்டி வரவேற்றது என்று எண்ணிவிடக் கூடாது. இப்பகுதியைப் பலரும் பின்னோக்கிய பார்வையில் மங்கலாக எழுதுகிறார்கள். படைச்சேர்ப்பை மறுத்தவர்கள் ஒரு வகை. சேர்ந்தபின் விட்டு ஓடியவர்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகையினர் குடியேற விண்ணப்பித்தால், படைத்துறை நிலை குறித்துக் கேள்வி கேட்கப்படாது என்று கனடிய அரசு அறிவித்தது 1969 மே மாதத்தில்தான். 1964இல் வந்த பதினாறு வயது இளைஞருக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. அவரிடம் இருந்த ஒரே பாதுகாப்பு ஒரு புதிய பெயர். டொராண்டோவில் அவர் ரிக்கி ஜேம்ஸ் மேத்யூஸ் ஆனார்.

வந்த புதிதில் தெருவில் சிலர் அவரைத் தாக்க முற்பட்டபோது காப்பாற்றியவர்கள் லெவன் ஹெல்ம், கார்த் ஹட்சன் ஆகியோர் என்று அவர் பின்னாளில் சொல்லிவந்தார். இருவரும் ஹாக்ஸ் குழுவின் உறுப்பினர்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலிருந்து வந்து டொராண்டோவின் யங் தெருவில் நிலைகொண்ட ரானி ஹாக்கின்ஸ் உருவாக்கிய குழு அது. பிறகு பாப் டிலனுக்குப் பின்னணி வாசித்து, தி பேண்ட் என்னும் பெயரில் புகழ்பெற்றது. இந்த நிகழ்ச்சி சொல்பவருக்கேற்பச் சற்று மெருகேறியிருக்கலாம். ஆனால் அந்த நகரின் இசையுலகம் எவ்வளவு சிறியது, எவ்வளவு அமெரிக்கத் தொடர்பு கொண்டது என்பதற்கு அது நல்ல சான்று.

அவ்வுலகத்தின் மையம் யார்க்வில். பழைய விக்டோரியக் காலத்து வரிசை வீடுகளைக் கொண்ட இரண்டு மூன்று தெருக்கள். ஒன்டாரியோவில் மது அருந்தும் வயது அப்போது 21. ஆகவே பதின்பருவத்தினர் இசை கேட்கும் இடங்கள் மதுக்கூடங்களாக இல்லாமல் காபிக் கடைகளாக இருந்தன. ரிவர்போட் போன்ற இடங்களில் கார்டன் லைட்ஃபுட்டும், சிறிது காலத்திற்குப் பிறகு ஜோனி மிட்செலும் பாடினார்கள். காபிக் கடைகளின் இந்தப் பெருக்கத்தில் ஒன்றுதான் காலின் கெர் என்பவரின் 'மைனா பேர்ட்' என்னும் கிளப். கெர் உண்மையிலேயே மைனாப் பறவைகளை விற்பவர். தம் வணிகத்துக்கு விளம்பரம் தேட அவர் ஓர் இசைக்குழுவைத் தத்தெடுத்து, அதற்கும் அப்பெயரையே சூட்டினார். கறுப்புத் தோல் மேலங்கி, மஞ்சள் நிறக் கழுத்துமூடிச் சட்டை என்று உடையும் வகுத்தார். கரிய உடலும் மஞ்சள் அலகும் கழுத்து மடலும் கொண்ட மலைமைனாவைப் பார்த்தவர்களுக்கு அந்த உடையின் பொருள் உடனே விளங்கும்.

மைனா என்னும் சொல் இந்தி வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. இந்திச் சொல்லை அகராதியாளர்கள் சமஸ்கிருதத்தின் 'மதன' என்னும் வேரோடு இணைப்பார்கள். தமிழில் அப்பறவைக்கு நாகணவாய் என்றும் பூவை என்றும் பழம்பெயர்கள் உண்டு. பேச்சுவழக்கில் அவையும் இன்று மைனாவுக்கு இடம்கொடுத்துவிட்டன. தெற்காசியக் காடுகளிலிருந்து கூண்டுப்பறவையாக ஏற்றுமதியான உயிரோடு அதன் பெயரும் கப்பலேறி, டொராண்டோ நகரத்துக் காபிக் கடையின் பலகையில் போய் அமர்ந்தது. அந்தப் பறவையை மக்கள் விலைகொடுத்து வாங்கியது அதன் சொந்தக் குரலுக்காக அன்று. பிறர் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும் திறத்துக்காக. 1965இல் கனடிய ராக் குழுவொன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்க முடியாது.

இது வெறும் சொல்விளையாட்டு அன்று. அவ்வாண்டுகளில் கனடிய வானொலிகள் உள்நாட்டு இசைத்தட்டுகளை ஒலிபரப்பத் தயங்கின. கனடியக் குழு என்றாலே இரண்டாம் தரம் என்னும் எண்ணம் நிலையத்தாரிடமும் கேட்பவரிடமும் ஊறியிருந்தது. வின்னிபெக்கைச் சேர்ந்த சாட் ஆலன் அண்ட் தி எக்ஸ்பிரஷன்ஸ் குழு பதிவுசெய்த பாடலை 1965இல் வெளியிட்டபோது, குவாலிட்டி நிறுவனம் குழுவின் பெயரை மறைத்து, 'யாரென்று ஊகியுங்கள்?' எனப் பொருள்படும் 'கெஸ் ஹூ?' என்பதை மட்டும் அச்சிட்டது. கேட்பவர்கள் இங்கிலாந்துக் குழு என்று எண்ணிக்கொள்ளட்டும் என்பதே நோக்கம். உத்தி பலித்தது, பாடல் எல்லை கடந்து அமெரிக்கப் பட்டியலிலும் இடம்பெற்றது. பெயரை மறைக்க வைத்த பெயரே அக்குழுவின் நிலையான பெயராகிவிட்டது. டொராண்டோவிலோ ஜாக் லண்டன் அண்ட் தி ஸ்பாரோஸ் என்னும் குழு இங்கிலாந்துப் பாணியில் ஒப்பனை செய்துகொண்டு மேடையேறியது. அதன் தலைவரின் பெயரும் ஜாக் லண்டன் அன்று.

ஏன், யார்க்வில்லில் சொந்தப் பெயரோடு நடமாடியவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மைனா பேர்ட்ஸ் குழுவின் தொடக்ககால பேஸ் கிட்டார் கலைஞர் நிக் செயின்ட் நிக்கலஸ், ஜெர்மனியில் கிளாஸ் காஸ்பாம் எனப் பிறந்தவர். விசைப்பலகை வாசித்த கோல்டி மெக்ஜானின் இயற்பெயர் ஜான் கோட்ஸ்பி. அதே வட்டத்தில் புழங்கிய ஜான் கே, கிழக்குப் பிரஷ்யாவின் டில்சிட்டில் யோவாகிம் கிராவ்லெடாட் எனப் பிறந்து, போரின் இறுதியில் தாயோடு தப்பியவர். குடிபெயர்ந்தவர்கள் பெயரைச் சுருக்குவதும் கலைஞர்கள் பெயர் புனைவதும் எங்கும் உள்ளதுதான். மற்றவர்களுக்கு அது வசதி. விரும்பினால் திரும்பிச் செல்லலாம். ரிக்கி மேத்யூஸ் என்பவருக்கு மட்டும் புனைபெயர் என்பது சட்டத்திலிருந்து மறைவிடம். இந்த வேறுபாடு 1966 வரை யார் கண்ணிலும் படவில்லை.

கெர் நடத்திய காலத்தில் குழு ஒரே ஒரு தனித்தட்டை வெளியிட்டது. 1965இல் கொலம்பியா நிறுவனத்தின் கனடியக் கிளை வழியாக வந்த அந்தத் தட்டின் இருபக்கப் பாடல்களின் தலைப்பிலும் மைனாப் பறவை இருந்தது. பறவைக்கடைக்கு விளம்பரம் என்ற அளவில் அதற்கு மதிப்புண்டு. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. விரைவில் குழுவினர் கெரிடமிருந்து விலகினார்கள். பெயரை மட்டும் உடன் கொண்டுசென்றார்கள்.

அதையொட்டி நடந்த ஆள்மாற்றம் யார்க்வில்லுக்கே உரியது. நிக் செயின்ட் நிக்கலஸ் ஸ்பாரோஸ் குழுவுக்குச் சென்றார். ஸ்பாரோஸ் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் புரூஸ் பால்மர் மைனா பேர்ட்ஸுக்கு வந்தார். சிட்டுக்குருவிகளுக்கும் மைனாக்களுக்கும் இடையே நடந்த பண்டமாற்று. பால்மர் நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் லிவர்பூலில் பிறந்தவர். பீட்டில்ஸ் பிறந்த லிவர்பூல் அன்று, அதன் பெயரைக் கடன் வாங்கிய சிற்றூர். ஆங்கிலேயராக நடிக்க முயன்ற ஒரு குழுவில் அவரை விடத் தகுதியானவர் இருந்திருக்க முடியாது.

இப்போது குழுவின் ஒலி வேறாகியிருந்தது. அதன் முன்னணிப் பாடகர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மீது பெரும் ஈடுபாடு கொண்டவர். மேடையில் மிக் ஜாகரின் அசைவுகளைத் தம்முடையதாக்கிக்கொண்டவர். இதன் சுழற்சியை நிதானமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ், ரிதம் அண்ட் புளூஸ் இசையை இலண்டன் வெள்ளை இளைஞர்கள் கேட்டுப் போலச்செய்தார்கள். அந்தப் போலியை, அமெரிக்கக் கறுப்பின இளைஞர் ஒருவர் டொராண்டோவில், வெள்ளைக் கனடியக் குழுவொன்றின் முன்னணியில் நின்று போலச்செய்தார். அதை மீண்டும் விலைகொடுத்து வாங்க முன்வந்தது, டெட்ராயிட்டில் ஒரு கறுப்பினத்தவர் உருவாக்கிய நிறுவனம். கூண்டுப்பறவை பிறர் குரலைத்தான் பேசுகிறது. ஆனால் எந்தப் பிறர் என்பதைச் சொல்வது இங்கே எளிதன்று.

நீல் யங் இக்குழுவுக்குள் வந்த கதையும் எல்லையோரத்தில்தான் தொடங்குகிறது. டொராண்டோவில் 1945 நவம்பர் 12 அன்று பிறந்து வின்னிபெக்கில் வளர்ந்தவர். ஸ்கொயர்ஸ் என்னும் தம் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். அதற்கு அவர் பயன்படுத்திய வண்டி, பிணம் ஏற்றும் பழைய பியூக் ஊர்தி. கருவிகளை ஏற்றி இறக்க வசதியானது என்பதே அதைத் தேர்ந்ததன் காரணம். 1965இல் ஃபோர்ட் வில்லியம் நகரில் ஓர் அமெரிக்கக் குழுவோடு வந்திருந்த ஸ்டீவன் ஸ்டில்ஸைச் சந்தித்தார். அவ்வாண்டு கோடையில் அந்த ஊர்தி பிளைண்ட் ரிவர் என்னும் ஊரில் பழுதாகி நின்றது. யங் டொராண்டோ வந்து சேர்ந்தார். யார்க்வில்லில் தனிப்பாடகராக அவருக்கு வரவேற்பு கிட்டவில்லை. ஒலிப்பெருக்கியைத் தலையில் சுமந்தபடி தெருவில் நடந்துகொண்டிருந்த நெட்டையான இளைஞரிடம் தாமே பேச்சுக் கொடுத்ததாகப் பால்மர் நினைவுகூர்வார். 1966இன் தொடக்கத்தில் யங் மைனா பேர்ட்ஸில் கிட்டார் வாசிக்கத் தொடங்கினார். அவருக்கு அப்போது வயது இருபது, பால்மருக்குப் பத்தொன்பது, பாடகருக்குப் பதினெட்டு நிறையும் தறுவாய்.

குழுவுக்குப் பணம் அளித்தவர் ஜான் கிரெய்க் ஈட்டன். 1869இல் டிமத்தி ஈட்டன் டொராண்டோவில் தொடங்கி, கனடா முழுவதும் கிளைபரப்பிய ஈட்டன்ஸ் பல்பொருள் அங்காடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். புதிய கருவிகள், ஒலிப்பெருக்கிகள், ஒத்திகைக்கு இடம் என எதற்கும் குறைவில்லை. கனடாவில் ஓர் இசைக்குழுவுக்குக் கிடைக்கக்கூடிய செல்வாக்கில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் நாட்டின் பெருஞ்செல்வக் குடும்பத்தின் ஆதரவு இருந்தும், வழி தெற்கு நோக்கியே சென்றது. பாடல்களைப் பதிவுசெய்து, அச்சிட்டு, நாடெங்கும் வானொலிக்குக் கொண்டுசேர்க்கும் அமைப்பு கனடாவில் இல்லை. கனடிய இசைத்தொழிலுக்கென ஆர்.பி.எம். என்னும் வார இதழை வால்ட் கிரீலிஸ் தொடங்கியதே 1964இல்தான். பட்டியலிடத் தொடங்கியாயிற்று, பட்டியலில் போடும் அளவுக்குத் தொழில் இன்னும் வளரவில்லை.

மோடவுன் இருந்த டெட்ராயிட், கனடாவின் விண்ட்சர் நகருக்கு எதிர்க்கரை. நடுவில் ஓர் ஆறு. விண்ட்சரிலிருந்த சி.கே.எல்.டபிள்யூ. வானொலியின் 50,000 வாட் அலைகள் எல்லை பாராமல் டெட்ராயிட் வீடுகளுக்குள் சென்றன. அந்நகரத்தவர் விரும்பிக் கேட்ட நிலையங்களுள் அதுவும் ஒன்று. மோடவுன் பாடல்களைக் கனடிய நிலையம் அமெரிக்கர்களுக்கு ஒலிபரப்பியது. ஒலி இப்படித் தடையின்றிப் போய்வந்த இடத்தில், பாடகர் மட்டும் அடையாளச் சான்றோடு கடக்க வேண்டியிருந்தது.

பெரி கோர்டி 1959இல் தொடங்கிய மோடவுன், வெஸ்ட் கிராண்ட் பூலவார் 2648ஆம் எண் வீட்டில் இயங்கியது. ஹிட்ஸ்வில் என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்ட அந்த வீட்டில், சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ் ஆகியோரின் பாடல்கள் தொழிற்சாலை ஒழுங்கோடு உருவாயின. பாடல் எழுதுபவர், இசை அமைப்பவர், வாசிப்பவர், பாடுபவர், நடை உடை கற்பிப்பவர் என வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. கோர்டி கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதை நினைவில் கொண்டால் இந்த ஒழுங்கு வியப்பளிக்காது. தம் கருவிகளைத் தாமே வாசித்து, தம் பாடல்களைத் தாமே எழுதும், பெரும்பாலும் வெள்ளையர்களைக் கொண்ட ராக் குழு அந்த வீட்டுக்கு மிகப் புதிது. வெள்ளை ராக் குழுக்களுக்கென ரேர் எர்த் என்னும் தனிக் கிளையை மோடவுன் தொடங்கியது 1969இல். மைனா பேர்ட்ஸை ஏற்றது அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்த சோதனை.

டெட்ராயிட்டில் அவர்கள் சில வாரங்கள் பதிவுசெய்தார்கள். ஏற்கெனவே மோடவுனில் பணியாற்றிக்கொண்டிருந்த டொராண்டோக்காரர் ஆர். டீன் டெய்லர் இப்பதிவுகளில் பங்குகொண்டார். குழுவினரின் பாட்டு வலுக்குறைவாகப் பட்ட இடங்களில், நிறுவனத்தின் பாடகர்கள் யாரையும் கேளாமல் ஒலிவாங்கிக்கு அருகே வந்து உடன் பாடிவிட்டுப் போவார்கள் என்று யங் பிற்காலப் பேட்டிகளில் மகிழ்ச்சியோடு கூறியிருக்கிறார். எஞ்சியிருக்கும் பதிவுகளைக் கேட்டால் அது பொருந்துகிறது. 'இட்ஸ் மை டைம்' பாடலில் கிட்டார், கலிஃபோர்னியாவின் நாட்டார் ராக் பாணியில் கணீரென ஒலிக்கிறது. தாளமும் பின்னணிக் குரல்களும் டெட்ராயிட்டின் பழக்கத்தில் இயங்குகின்றன. பாடகர் இரண்டுக்கும் நடுவே ஸ்டோன்ஸின் வேகத்தோடு பாடுகிறார். பெரும் படைப்பு என்று அதைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் மூன்று ஓசைகளும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் நிற்கின்றன. 1966இல் அது அரிது. மோடவுனின் துணைப்பெயர்களுள் ஒன்றான வி.ஐ.பி. வழியாக அப்பாடலைத் தனித்தட்டாக வெளியிடத் திட்டமிடப்பட்டது.

அந்தத் தட்டு வெளிவரவில்லை. குழுவினர் பின்னாளில் கூறியவற்றின் சாரம் இது: முன்பணம் தொடர்பாகக் குழுவுக்கும் மேலாளருக்கும் பூசல் எழுந்தது, மேலாளர் நீக்கப்பட்டார், அதன்பின், பாடகர் கடற்படையிலிருந்து தப்பியவர் என்னும் செய்தி நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது. மோடவுன் வெளியீட்டை நிறுத்தியது. திரும்பிச் சென்று சட்டப்படி கணக்கை முடித்துக்கொண்டு வருமாறு பாடகருக்குச் சொல்லப்பட்டது. அவர் அமெரிக்க அதிகாரிகளிடம் சரணடைந்தார். மார்ச் மாதத்துக்குள் குழு முடிந்துபோயிற்று.

இந்த இடத்தில் மேலாளரைக் குற்றவாளியாக்கி முடித்துக்கொள்வது வழக்கம். அது எளிது, போதுமானது அன்று. யார் காட்டிக்கொடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அக்குழுவின் வெற்றியே அதற்குக் கேடாக இருந்தது. யார்க்வில் காபிக் கடையில் ரிக்கி மேத்யூஸ் என்பவரின் சான்றுகளை எவரும் கேட்கமாட்டார்கள். மோடவுனின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஒரு சட்டப்பெயர் வேண்டும். தட்டு விற்றால் தொலைக்காட்சியில் தோன்ற வேண்டும். அமெரிக்க நகரங்களில் மேடையேற வேண்டும். முகம் செய்தித்தாளில் வர வேண்டும். தலைமறைவாக இருப்பவருக்கு இவற்றுள் எதுவும் ஏற்புடையதன்று. அப்பாடல் புகழ்பெற்றிருந்தால் கைது சில வாரங்கள் பின்னால் நடந்திருக்கும், அவ்வளவே. கனடாவில் இருந்திருந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு, சந்தை இல்லை. அமெரிக்காவில் சந்தை உண்டு, பாதுகாப்பு இல்லை. கனடாவிலேயே ஒரு சந்தை இருந்திருந்தால் என்னும் கேள்வி இங்கே தானாக எழுகிறது. ஏ.எம். வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் இசையில் 30 விழுக்காடு கனடிய இசையாக இருக்க வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது 1971 ஜனவரியில். படை நீங்கியவர்களுக்கான அறிவிப்பு 1969. இவ்விரண்டு ஆண்டுகளையும் 1966க்கு அருகில் வைத்துப் பார்த்தால், குழு எந்த இடைவெளியில் விழுந்தது என்பது தெரிகிறது.

அடுத்து நடந்தது பலரும் அறிந்தது. யங்கும் பால்மரும் ஈட்டனின் பணத்தில் வாங்கப்பட்டிருந்த கருவிகளை விற்றார்கள். கிடைத்த பணத்தில் 1953ஆம் ஆண்டின் போன்டியாக் பிண ஊர்தி ஒன்றை வாங்கி, நண்பர்கள் சிலரோடு லாஸ் ஏஞ்சலஸை நோக்கிப் புறப்பட்டார்கள். வேலை செய்வதற்கான அனுமதி அவர்களிடம் இல்லை. ஓர் அமெரிக்கர் ஆவணமின்றிக் கனடாவில் மறைந்து வாழ்ந்ததால் குலைந்த குழுவின் எஞ்சிய இரு கனடியர்கள், ஆவணமின்றி அமெரிக்காவுக்குள் சென்றார்கள். இந்தச் சமச்சீரைக் கதைசொல்லிகள் கவனிப்பதில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் சன்செட் பூலவார் நெரிசலில் எதிர்த்திசையில் சென்ற ஸ்டீவன் ஸ்டில்ஸும் ரிச்சி ஃபியூரேயும் அந்தக் கறுப்பு ஊர்தியையும் அதன் ஒன்டாரியோ எண்பலகையையும் கண்டு வண்டியைத் திருப்பினார்கள். எல்லைக்கு அப்பால் வந்த வண்டி என்பதாலேயே அடையாளம் தெரிந்தது.

அவர்கள் உருவாக்கிய குழுவுக்குத் தெருவில் நின்றிருந்த சாலை உருளை ஒன்றின் பெயர்ப்பலகை பெயர் தந்தது: பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட். அந்த உருளை நிறுவனம், பஃபலோ நகரத்து நிறுவனம் ஒன்றும் ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நிறுவனம் ஒன்றும் இணைந்ததால் அப்பெயர் பெற்றது. சிறைக்கொட்டடியில் இருந்த பழைய பாடகரின் பிறந்த ஊர், அவர் இல்லாத புதிய குழுவின் பெயரில் ஏறியிருந்தது. இது தற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஊர்ப்பெயர்களை ஆராய்பவர்கள் இத்தகைய தற்செயல்களை எளிதில் விட்டுவிடுவதில்லை.

பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஐவரில் யங், பால்மர், தாளக்கருவி வாசித்த டியூவி மார்ட்டின் ஆகிய மூவர் கனடியர். 1967 தொடக்கத்தில் கஞ்சா வைத்திருந்ததற்காகப் பால்மர் நாடுகடத்தப்பட்டார். திரும்பி வந்தார், மறுபடியும் நீங்க நேர்ந்தது. யங்கும் ஸ்டில்ஸும் மோதிக்கொண்டதையே அக்குழுவின் சிதைவுக்குக் காரணமாகச் சொல்வார்கள். அது பொய்யன்று. ஆனால் தன் பேஸ் கிட்டார் கலைஞரை எல்லைக்கு அப்பால் இழந்துகொண்டேயிருந்த குழு நிலைகொள்ள வாய்ப்பில்லை. 1968 மே மாதம் லாங் பீச்சில் இறுதி நிகழ்ச்சி நடந்தது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்பாரோஸ் குழு அமெரிக்கா சென்று கலைந்து, 1967இல் ஜான் கேயின் தலைமையில் ஸ்டெப்பன்வுல்ஃப் ஆனது. கோல்டி மெக்ஜான் அதன் தொடக்கத்திலிருந்தே இருந்தார். நிக் செயின்ட் நிக்கலஸ் பிறகு சேர்ந்தார். ஒரு பறவைக்கடையின் விளம்பரத்துக்காக மஞ்சள் சட்டை அணிந்தவர்களில் இத்தனை பேர் அமெரிக்கப் பட்டியல்களின் உச்சிக்குச் சென்றார்கள். கனடாவில் இருந்தபடி சென்றவர் ஒருவரும் இல்லை.

பாடகர் கடற்படையின் காவலிலிருந்து ஒருமுறை தப்பி, மீண்டும் டொராண்டோவில் மறைந்து, பின் மறுபடியும் சரணடைந்து, தண்டனையை முடித்து 1967இல் வெளிவந்தார். மைனா பேர்ட்ஸ் என்னும் பெயரில் வேறு சிலரோடு குழுவை மீட்க முயன்றார், நிற்கவில்லை. மோடவுன் அவரைப் பாடல் எழுதுபவராகச் சில காலம் வைத்துக்கொண்டது. பத்தாண்டு அலைச்சலுக்குப் பின், 1978இல் கோர்டியின் நிறுவனத்திலேயே முதல் தொகுப்பை வெளியிட்டார். அட்டையில் இருந்த பெயர் ரிக் ஜேம்ஸ். தலைமறைவுப் பெயரின் முதல் இரண்டு துண்டுகள் அவை; அவற்றுள் ஜேம்ஸ் என்பது பெற்றோர் இட்ட பெயரின் முதற்சொல். 1981இல் 'ஸ்ட்ரீட் சாங்ஸ்' தொகுப்பு அவரை உலகறியச் செய்தது.

'இட்ஸ் மை டைம்' நாற்பது ஆண்டுகள் மோடவுனின் பெட்டகத்தில் கிடந்தது. நிறுவனத்தின் 1966ஆம் ஆண்டுத் தனித்தட்டுகள் அனைத்தையும் தொகுத்து 2006இல் வெளியிட்டபோது, அவ்வாண்டு வெளிவராமல் நின்ற அந்தத் தட்டும் முதன்முறையாக அதில் இடம்பெற்றது. பின்னர் தனித்தட்டாகவும் வந்தது. ரிக் ஜேம்ஸ் 2004 ஆகஸ்ட் 6 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இறந்திருந்தார். புரூஸ் பால்மர் அதே ஆண்டு அக்டோபரில் ஒன்டாரியோவில் இறந்திருந்தார். தொகுப்பில் குழுவின் பெயர் மைனா பேர்ட்ஸ் என்றே அச்சாகியிருந்தது.